லிங்கன் இந்த வழியாகத்தான் போனாரா?

மத்திய இலினாயில் கிராமத்துச் சாலையில் கார் ஓட்டிப் போனபோது, இரண்டு பக்கமும் ஆளுயர மக்காச்சோளத்துக்கு நடுவே ஒரு கல்லைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அதில் பதித்த தகட்டில், எட்டாவது நீதி வட்டத்தைச் சுற்றி வந்தபோது ஆபிரகாம் லிங்கன் இந்த வழியாகப் பயணம் செய்தார் என்ற பொருளில் எழுதியிருந்தது. ஊரும் இல்லை, வீடும் இல்லை, இங்கே ஏன் கல்? யார் நட்டது? உண்மையிலேயே அந்த வழியாகத்தான் போனாரா? இதைத் தேடிக்கொண்டு ஒரு பயணம் போகலாமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

சுருக்கமாகச் சொன்னால்: போனார், பல தடவை போனார். கல் நிற்கும் அதே தடத்தில்தான் குதிரை போனது என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். நீங்கள் பார்த்தது கவுண்டி எல்லைக் கல். கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரியான ஒரு பிரிவு. ஒரு கவுண்டியிலிருந்து அடுத்த கவுண்டிக்கு அவர் கடந்த எல்லையைக் காட்டத்தான் அதை வைத்தார்கள். அதனால்தான் ஊரில்லாத இடத்தில் நிற்கிறது. எல்லைக்கோடு வயல் நடுவே ஓடினால் கல்லும் அங்கேதானே நிற்க வேண்டும்?

நான் பதினோரு வருஷமாக புளூமிங்டனில் இருக்கிறேன். வார இறுதியில் வேறு வேலை இல்லாதபோது இந்தக் கற்களைத் தேடிப் போவது எனக்கு ஒரு பழக்கம். வீட்டில் கேலி செய்வார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த "வட்டம்" என்ன என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 1830களில் இலினாய் புது மாநிலம். புல்வெளி, சேறு, நடுநடுவே சின்னச் சின்ன ஊர்கள். ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி நீதிபதி வைக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை, அவ்வளவு வழக்கும் இல்லை. ஆகவே பல கவுண்டிகளைச் சேர்த்து ஒரு வட்டம் ஆக்கி, ஒரே நீதிபதியை வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை ஊர் ஊராக அனுப்பினார்கள். நீதிபதி போனால் வக்கீல்களும் பின்னாலேயே போனார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப அந்நியமான ஏற்பாடு இல்லை. திருச்சியிலும் மதுரையிலும் சர்க்யூட் ஹவுஸ் இருக்கிறதே, அந்தப் பெயரில் இருப்பதும் இதே சர்க்யூட்தான். இப்படிச் சுற்றி வரும் நீதிபதியும் அதிகாரியும் தங்குவதற்கான இடம்.

லிங்கன் 1837 ஏப்ரலில், இரவல் குதிரையில், ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து வக்கீல் தொழில் தொடங்கினார். எட்டாவது வட்டம் 1839இல் அமைந்தது. காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்த 1847 முதல் 1849 வரையிலான காலத்தை விட்டுவிட்டால், ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பு வரை அவர் இந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். வட்டம் மிகப் பெரிதாக இருந்த காலத்தில் அதில் 14 கவுண்டிகள். ஸ்பிரிங்ஃபீல்டில் கிளம்பி பீகின், மெட்டமோரா, புளூமிங்டன், மவுண்ட் புலாஸ்கி, கிளின்டன், மான்டிசெல்லோ, அர்பானா, டான்வில், பாரிஸ், ஷெல்பிவில், சல்லிவன், டிகேட்டர், டெய்லர்வில் என்று ஒரு முழுச் சுற்று. 400 மைலுக்கு மேல். இரண்டரை மாதம் ஆகும். அப்புறம் வருஷத்தின் இன்னொரு பாதியில் மறுபடியும் அதே சுற்று. மற்ற வக்கீல்கள் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று கோர்ட்டுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். நீதிபதியோடு கிட்டத்தட்ட முழுச் சுற்றும் போன வெகு சிலரில் லிங்கன் ஒருவர்.

1848இல் நீதிபதி ஆனவர் டேவிட் டேவிஸ். புளூமிங்டன்காரர், எடை ஏறக்குறைய 300 பவுண்டு. இந்தத் தகவலை நான் வம்புக்குச் சொல்லவில்லை, வழக்கின் ஒரு பகுதி மாதிரி இதுவும் முக்கியம். அந்தக் காலச் சத்திரங்களில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் படுப்பார்கள், ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர்கூட. வக்கீல், கட்சிக்காரர், சாட்சி, சில நேரம் ஜாமீனில் வந்தவர், எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். டேவிஸுக்கு மட்டும் தனிக் கட்டில். பதவிக்கு மரியாதை என்பது ஒரு பக்கம், அவரோடு பங்கு போட்டுப் படுக்க இடம் இருக்காது என்பது இன்னொரு பக்கம்.

கோர்ட் வரும் வாரம் அந்தச் சின்ன ஊர்களுக்குச் சந்தையும் திருவிழாவும் சேர்ந்த மாதிரி. வேடிக்கை பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். லிங்கன் வந்து இறங்கியதும் உள்ளூர் வக்கீல்கள் தங்கள் வழக்குக் காகிதக் கட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பல வழக்குகளில் கட்சிக்காரரை அவர் முதன்முதலில் பார்ப்பதே விசாரணைக்குச் சற்று முன்புதான். வழக்கு என்றால் பெரிய கொலை வழக்கு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் புரோநோட்டுக் கடன். பக்கத்து வீட்டுப் பன்றி வயலில் புகுந்தது, விற்ற குதிரைக்கு நோய் இருந்தது, இவள் என்னைத் திட்டினாள், அவன் என்னைத் திருடன் என்றான், இவை மிச்சம். ஃபீஸ் ஐந்து டாலர், பத்து டாலர், மிஞ்சினால் இருபது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 5,000க்கும் மேற்பட்ட வழக்குகளில் அவர் பெயர் இருக்கிறது.

குறைந்த ஃபீஸ் பற்றி ஒரு கதை. டான்வில்லில் அவருக்கு வார்ட் ஹில் லாமன் என்று ஒரு கூட்டாளி. நல்ல உயரம், பாஞ்சோ வாசிப்பார், குடியிலும் குறைவில்லை. புத்தி சுவாதீனம் இல்லாத ஒரு பெண்ணின் சொத்தைக் காப்பாற்றும் வழக்கு. முன்கூட்டியே பேசிய ஃபீஸ் 250 டாலர். வழக்கு இருபது நிமிஷத்தில் ஜெயித்துவிட்டது. பாதியைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் என் பங்கில் ஒரு சென்ட்கூட எடுக்க மாட்டேன் என்று லிங்கன் பிடிவாதம் பிடித்தாராம். இது காதில் விழுந்த டேவிஸ், இப்படிச் சில்லறைக் காசுக்கு வேலை செய்து எல்லா வக்கீல்களையும் பிச்சை எடுக்க வைக்கிறாய் என்று கடிந்துகொண்டார். அன்று ராத்திரி சத்திரத்தில் வக்கீல்கள் கூடி லிங்கனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி ஒரு விளையாட்டு விசாரணை நடத்தி அபராதமும் போட்டார்கள். சொன்னவர் லாமன். அவர் கதையை அலங்கரித்துச் சொல்கிறவர், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். இதே லிங்கன், இலினாய் சென்ட்ரல் ரயில்வே தனக்குத் தர வேண்டிய 5,000 டாலரை இழுத்தடித்தபோது, தன் கட்சிக்காரரான அந்தக் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு 1857இல் வாங்கினார். ஏழையிடம் ஒரு கணக்கு, ரயில்வேயிடம் ஒரு கணக்கு.

சரி, கற்களுக்கு வருவோம்.

1915இல் அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்ற பெண்கள் அமைப்பின் இலினாய்க் கிளை, லிங்கன் சுற்றிய வழியை அடையாளப்படுத்த வேண்டும் என்று யோசனை சொன்னது. அதற்காகத் தனியாக ஒரு சங்கம் உருவானது. 1920களின் தொடக்கத்தில் பெரும்பாலான தகடுகள் ஏறின. இரண்டு வகை: கோர்ட் இருந்த ஊர்களில் ஒன்று, கவுண்டி எல்லைகளில் ஒன்று. தகடுகளை உருவாக்கியதில் ஹென்றி பேகன், சிற்பி ஜார்ஜ் லோபர் இருவருக்கும் பங்கு உண்டு. வாஷிங்டனில் 1922 மே மாதம் திறந்த லிங்கன் நினைவகத்தை வடிவமைத்தவர் இதே பேகன்தான். ஒரு பக்கம் 36 தூண்களோடு பளிங்கு மண்டபம், இன்னொரு பக்கம் சோளக்காட்டு ஓரத்தில் இந்தக் கல். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நிற்கும் இடமாவது லிங்கனுக்குத் தெரிந்த இடம்.

துல்லியம் பற்றிக் கேட்டீர்கள். மூன்று சிக்கல்கள்.

ஒன்று, வட்டம் நிலையாக இருக்கவில்லை. மக்கள்தொகை ஏற ஏற சட்டமன்றம் கவுண்டிகளை வெட்டி வெட்டி வேறு வட்டங்களுக்குக் கொடுத்தது. 1847இல் 14, 1853இல் 8, 1857இல் வெறும் 5. ஆகவே "லிங்கன் சுற்றிய வழி" என்று ஒரே கோடு கிடையாது. ஷெல்பிவில் பக்கம் நிற்கும் கல்லும் டான்வில் பக்கம் நிற்கும் கல்லும் வெவ்வேறு காலங்களைச் சொல்கின்றன. தகட்டைப் பார்த்தால் எல்லாம் ஒரே வருஷம் நடந்தது மாதிரி தோன்றும்.

இரண்டு, சாலை. அன்றைக்கு இருந்தது வண்டித் தடம். மேடு பார்த்து, ஆற்றைக் கடக்க ஆழம் குறைந்த துறை பார்த்து, வளைந்து வளைந்து போனது. பாலங்கள் அபூர்வம். வசந்தத்தில் சாங்கமன் ஆறு பெருகினால் உயரமான ஆள் என்ற முறையில் லிங்கனை முன்னால் விட்டு ஆழம் பார்த்ததாகவும் கதை உண்டு. இன்றைக்கு நீங்கள் போகும் சாலை அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேர்க்கோடு. பழைய தடம் அந்த நேர்க்கோட்டை எங்கேயோ வெட்டிப் போயிருக்கும், இப்போது அதன்மேல் சோளம்.

மூன்றாவது எளிது: கல் நகர்ந்திருக்கிறது. சாலை அகலமானபோது தள்ளி வைத்தவை, பத்திரத்துக்காக வேறு இடத்துக்கு எடுத்துப்போனவை எல்லாம் உண்டு. நான் பார்த்த ஒன்றில் தகடு முழுக்கப் பச்சை பிடித்து, எழுத்துப் பள்ளங்களில் பாசி. அடியில் புல்வெட்டும் இயந்திரம் உரசிய வெள்ளைக் கோடுகள். நான்கு பக்கமும் மின்கம்பம் தவிர ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் நின்றேன். ஒரு டிராக்டர் போனது, ஓட்டியவர் கை அசைத்தார், அவ்வளவுதான்.

ஆக, எல்லைக் கல்லைப் பார்க்க மட்டும் போனால் ஏமாற்றம்தான். கல்லைச் சாக்காக வைத்துக்கொண்டு கோர்ட்டுகளைப் பாருங்கள். இந்த வட்டத்தில் லிங்கன் வாதாடிய கோர்ட் கட்டடங்களில் கட்டிய இடத்திலேயே இன்றும் நிற்பவை இரண்டுதான்: மெட்டமோரா, மவுண்ட் புலாஸ்கி.

மவுண்ட் புலாஸ்கியில் ஊர் நடுச் சதுக்கத்தில் செங்கல் கட்டடம், மாடியில் கோர்ட் அறை. 1848 முதல் 1855 வரைதான் அது லோகன் கவுண்டியின் தலைமையூர், அதாவது ஏழே வருஷம். இங்கே சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது ஒரு தொட்டில் வழக்கு. சாவி கொடுத்தால் தானே ஆடும் தொட்டில், அதன் காப்புரிமைக்குத் தகராறு. லிங்கன் மாதிரியை வைத்து நீதிபதிக்கு ஆட்டிக் காட்டினார். இது எப்படி நிற்கும் என்று டேவிஸ் கேட்க, சில பேச்சாளர்கள் மாதிரிதான் ஐயா, ஓட ஆரம்பித்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று இதற்குத் தெரியாது என்றாராம்.

அதே லோகன் கவுண்டியின் முந்தைய கோர்ட் போஸ்ட்வில்லில் இருந்தது. இப்போது அந்த இடம் லிங்கன் என்ற ஊருக்குள் வந்துவிட்டது. இந்த ஊருக்கு 1853இலேயே, அதாவது அவர் பிரபலமாகும் முன்பே, அவர் பெயர் வைத்துவிட்டார்கள். ரயில் கம்பெனிக்கு வக்கீலாகப் பத்திரம் எழுதிக் கொடுத்த நன்றி. தர்பூசணிச் சாற்றை ஊற்றி ஊருக்குப் பெயர் சூட்டினார் என்பது அங்கே எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த கதை. போஸ்ட்வில் கோர்ட் கட்டடத்தை 1929இல் ஹென்றி ஃபோர்டு விலைக்கு வாங்கி, கழற்றி, மிச்சிகனில் டியர்பார்னில் உள்ள தன் திறந்தவெளி அருங்காட்சியகமான கிரீன்ஃபீல்டு வில்லேஜில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஊர்க்காரர்கள் 1953இல் அதே இடத்தில் நகல் ஒன்று கட்டினார்கள். இடம் உண்மையாகவும் கட்டடம் நகலாகவும் ஒன்று, கட்டடம் உண்மையாகவும் இடம் பொய்யாகவும் இன்னொன்று. எது அசல் என்று என் மகள் கேட்டாள். காரில் வீடு வரும் வரை விவாதம் நடந்தது.

மெட்டமோராவுக்கு அவசியம் போங்கள். வெள்ளைத் தூண்கள் வைத்த 1845ஆம் வருஷக் கட்டடம். இங்கே 1857 அக்டோபரில் மெலிஸ்ஸா கோயிங்ஸ் என்ற 70 வயதுக் கிழவியின் வழக்கு வந்தது. கணவர் அடிக்க வந்தார், கழுத்தை நெரித்தார், இவர் விறகுக் கட்டையால் திருப்பி அடித்தார். அவர் நான்கு நாளில் இறந்துபோனார். கொலைக் குற்றம். லிங்கன் கிழவிக்கு வக்கீல். விசாரணை தொடங்கும் நாளில் கட்சிக்காரரோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, கீழே கூட்டிப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கிழவியைக் காணவில்லை. நீர்தான் தப்பிக்க விட்டீர் என்று கோர்ட் ஊழியர் குற்றம் சாட்டினார். லிங்கன் சொன்ன பதில் என்று இன்றும் சொல்வது: நான் விடவில்லை, நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார், டென்னசியில் அருமையான தண்ணீர் இருக்கிறது என்றேன். கிழவி திரும்பி வரவே இல்லை. யாரும் மும்முரமாகத் தேடவும் இல்லை. 1859இல் வழக்கு முடிக்கப்பட்டது.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக இருக்காது. பீகினில் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்கு எழுதிய புரோநோட்டு ஒன்று 1841இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் சுதந்திரமானவர், ஆகவே விற்பனையும் செல்லாது, புரோநோட்டும் செல்லாது என்று லிங்கன் வாதாடி ஜெயித்தார். ஆறு வருஷம் கழித்து, 1847இல், இந்த வட்டத்துக்கு வெளியே கோல்ஸ் கவுண்டியில், ஓடிவந்த ஓர் அடிமைக் குடும்பத்தைத் திருப்பித் தரச் சொன்ன மேட்சன் என்ற முதலாளிக்காகவும் அவரே வாதாடினார். தோற்றார், குடும்பம் விடுதலையானது. "இந்த வழியாகப் போனார்" என்று சொல்லும் கல்லிடம் யாருக்காகப் போனார் என்று கேட்டால் பதில் வராது.

இன்னும் சில குழப்பங்களையும் தீர்த்துவிடுகிறேன். பஞ்சாங்க வழக்கு என்று புகழ்பெற்ற 1858ஆம் வருஷக் கொலை வழக்கு, சாட்சி நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றதை லிங்கன் பஞ்சாங்கத்தை வைத்து உடைத்தாரே, அது நடந்த பியர்ட்ஸ்டவுன் இந்த வட்டத்தில் இல்லை. போனால் தவறில்லை, கோர்ட் அறை இருக்கிறது. ஆனால் எட்டாவது வட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள். புளூமிங்டனில் உள்ள டேவிஸ் மாளிகையில் லிங்கன் தங்கியதில்லை. அது 1872இல் முடிந்த கட்டடம், லிங்கன் இறந்தது 1865. கிளின்டன் சதுக்கத்தில் உள்ள சிலையில், எல்லாரையும் எப்போதும் ஏமாற்ற முடியாது என்ற புகழ்பெற்ற வாசகம் இருக்கிறது. அங்கே 1858இல் அவர் பேசியது உண்மை. அந்த வாசகத்தைப் பேசியதற்கு அன்றைய பத்திரிகைச் சான்று கிடையாது. கல்லில் வெட்டிவிட்டதால் உண்மையாகிவிட்டது.

இந்தச் சுற்று வீண் அலைச்சலாகவும் போகவில்லை. 1860இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் லிங்கனை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியவர்கள் பட்டியலைப் பாருங்கள்: டேவிஸ், புளூமிங்டன் வக்கீல் லெனர்ட் ஸ்வெட், டான்வில் லாமன். எல்லாம் ஒரே சத்திரத்தில் படுத்தவர்கள். 1862இல் டேவிஸை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு லிங்கன் நியமித்தார். லிங்கன் இறந்த பிறகு அவர் சொத்து விவகாரங்களை நிர்வகித்ததும் டேவிஸ்தான்.

பயணத்துக்கு என் யோசனை. முழு வட்டத்தையும் ஒரே மூச்சில் சுற்றாதீர்கள், சலித்துப்போகும். முதல் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு, லிங்கன் ஊர், மவுண்ட் புலாஸ்கி, கிளின்டன். அடுத்த நாள் புளூமிங்டன் பழைய கோர்ட்டில் உள்ள அருங்காட்சியகம், அப்புறம் மெட்டமோரா. எல்லைக் கற்களை வழியில் பட்டால் பாருங்கள். குழந்தைகள் இருந்தால் வெள்ளைத் தாளும் கிரேயானும் எடுத்துக்கொள்ளுங்கள். அண்மைக் காலத்தில் ஊர் ஊராக வைத்திருக்கும் லிங்கன் கதைப் பலகைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பதக்கம் உண்டு. தாளை வைத்துத் தேய்த்தால் உருவம் எழும்பி வரும், ஊருக்கு ஒரு படம். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், சோளம் வளர்ந்து கல்லை மறைத்துவிடும். அக்டோபரில் அறுவடை முடிந்து வெட்டவெளியாக இருக்கும்போது போனால் அடுத்த ஊர் எத்தனை தூரம் என்பது கண்ணுக்கே தெரியும்.

நேரம் மிச்சமிருந்தால் சுற்றின் கடைசி ஊரான டெய்லர்வில்லுக்கும் ஒரு எட்டு. அங்கே கோர்ட் கட்டடத்துக்கு அடியில் பன்றிகள் ஒதுங்கிச் சத்தம் போட, வாதம் செய்ய முடியாமல், இவற்றை அடக்க ஒரு ஆணை பிறப்பியுங்கள் ஐயா என்று லிங்கன் நீதிபதியிடம் மனுப் போட்டாராம். கோர்ட் வாசலில் லிங்கன் சிலை இருக்கிறது, காலடியில் அந்தப் பன்றியும் இருக்கிறது.